தராசுக்கும் கணினிக்கும் நடுவே: வாசகர் கேள்வி – பதில்

கணினியோடு இணைத்த ஒரு கருவியை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே நிரல் கொண்டு இயக்க முடியுமா என்று கேட்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களில் மண்டிக் கணக்கரும் இருக்கிறார், கல்லூரி மாணவரும் இருக்கிறார், பட்டுப்புழு வளர்ப்பவரும் இருக்கிறார். பெயர்களைத் தவிர்த்து ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டு, கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி (மாம்பழ மண்டிக் கணக்கர், காவேரிப்பட்டணம்): எங்கள் மண்டியின் மின்னணுத் தராசின் பின்புறம் ஒன்பது முனை கொண்ட போர்ட் இருக்கிறது. அதை ஒரு மாற்றிக் கேபிள் வழியாக மடிக்கணினியின் யூ.எஸ்.பி.யில் செருகி, என் அக்கா மகன் பைத்தானில் எழுதிக் கொடுத்த நிரலால் எடையைப் பதிவு செய்கிறோம். அது அவன் பள்ளியில் படிக்கும்போது வாங்கிய அரசு மடிக்கணினி; அதில் பாஸ் லினக்ஸில் நிரல் ஓடுகிறது. இப்போது அலுவலகத்துக்கு விண்டோஸ் கணினி ஒன்று வாங்கியிருக்கிறோம். லிப்யூஎஸ்பி என்ற நிரலகத்தை வைத்துத் திருத்தி எழுதினால் இரண்டிலும் ஓடும் என்கிறான். அது சரியா? இன்னொன்று: எப்போதாவது 112 கிலோ சரக்கு 12 கிலோ என்று பதிவாகிறது. அதுவும் இதனால் சரியாகுமா?

பதில்: உங்கள் அக்கா மகன் நினைக்கும் திசை சரி. ஆனால் யூ.எஸ்.பி. கருவியோடு நிரலே நேராகப் பேச உதவும் லிப்யூஎஸ்பி உங்கள் தராசுக்குப் பொருந்தாது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மற்றக் கடிதங்களுக்கும் இது உதவும்.

நாம் எழுதும் நிரல் எந்தக் கருவியையும் தானாகத் தொட முடியாது. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் உள்ளே இருந்து கருவிகளை ஆளும் மையப் பகுதியான கர்னலிடம் கேட்டுத்தான் தொட வேண்டும். அப்படிக் கேட்கும் முறை விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் வேறொன்று, மேக்கில் இன்னொன்று. லைப்ரரி என்று வழங்கும் நிரலகம், இந்த மூன்று முறைகளையும் தனக்குள் எழுதி வைத்துக்கொண்டு, நமக்கு ஒரே மாதிரியான சில கட்டளைகளை மட்டும் வெளியே காட்டுகிறது. ஓசூர் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விலை பேசத் தெரிந்த தரகரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விவசாயி தமக்குத் தெரிந்த மொழியில் சொன்னால் போதும், வந்த வியாபாரியின் மொழியில் அவர் பேசிக்கொள்வார். ஆனால் பூட்டிய கிடங்கின் சாவி தரகரிடம் இராது. கிடங்குக்காரர்தான் திறந்துவிட வேண்டும். கருவியைத் தொடுவதற்கான அனுமதியும் அப்படித்தான் அந்தந்த இயங்குதளத்தின் கையில் இருக்கிறது. நிரலகம் மொழிச் சிக்கலைத் தீர்க்குமே தவிர, சாவியை வாங்கித் தராது. 'ஒரு கணினியில் ஓடியது இன்னொன்றில் ஓடவில்லை' என்று எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தச் சாவியைப் பற்றியவையே.

அடுத்து, கருவி எந்த வாசல் வழியாகப் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். யூ.எஸ்.பி. துளையில் செருகுவதால் எல்லாம் ஒரே வகை ஆகிவிடுவதில்லை. உங்கள் தராசு பேசுவது ஆர்.எஸ்.232 என்ற, 1960-இல் வகுக்கப்பட்ட பழைய சீரியல் முறை, அதாவது தகவலை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறை. நடுவில் இருக்கும் மாற்றிக் கேபிளுக்குள் ஒரு சில்லு உட்கார்ந்து அதை யூ.எஸ்.பி.க்கு மாற்றுகிறது. அந்தச் சில்லை இயக்கும் துணை நிரலான டிரைவர் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. விண்டோஸிலும் தானாகவோ, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ கிடைத்துவிடும். டிரைவர் ஏறியவுடன் இயங்குதளம் அதை ஒரு சீரியல் போர்ட்டாகக் காட்டுகிறது. லிப்யூஎஸ்பியை எடுத்தால், ஏற்கெனவே வேலை செய்யும் அந்த டிரைவரை வெளியேற்றிவிட்டு, சில்லுக்கு வேகம் சொல்வதிலிருந்து எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். அந்த உழைப்பு உங்களுக்குத் தேவையில்லை. பைத்தானில் எழுதுபவர்களுக்கு பைசீரியல் என்ற நிரலகம் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஒரே கட்டளைகளால் சீரியல் போர்ட்டைத் திறந்து படிக்கலாம். உங்கள் இப்போதைய நிரலே அதைத்தான் பயன்படுத்துகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் மாற்ற வேண்டியது போர்ட்டின் பெயர் ஒன்றுதான்: லினக்ஸில் 'டிடிஒய் யூஎஸ்பி 0' என்று இருப்பது விண்டோஸில் 'காம் 3' என்றோ 'காம் 5' என்றோ இருக்கும்.

அந்தப் பெயரையும் நிரலுக்குள் நிலையாக எழுதி வைக்காதீர்கள். கேபிளை வேறு துளையில் செருகினாலே எண் மாறிவிடக்கூடும். ஒவ்வொரு யூ.எஸ்.பி. கருவியும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று இரண்டு எண்களைச் சொல்லிக்கொண்டுதான் கணினிக்குள் வருகிறது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் பரவலான மாற்றிச் சில்லு ஒன்றுக்கு அவை 0403, 6001. பைசீரியலில் உள்ள போர்ட் பட்டியல் வசதி இந்த எண்களையும் தரும். அவற்றைக் கொண்டு தேடி எடுத்தால், இரண்டு கணினிகளிலும் ஒரு வரிகூட மாற்றாமல் ஓடும். லினக்ஸில் சாவியையும் மறந்துவிடக் கூடாது: டெபியன் வழி வந்த பாஸ், உபுண்டு போன்றவற்றில் பயனர் 'டயல்அவுட்' என்ற குழுவில் இருந்தால்தான் சீரியல் போர்ட் திறக்கும், குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

இனி 112 கிலோ 12 ஆன விஷயம். விவசாயியின் பணம் இதில் இருப்பதால், கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த பகுதி இதுதான். இது இயங்குதளத்தின் குற்றமும் இல்லை, நிரலகத்தின் குற்றமும் இல்லை. தராசு தன்பாட்டுக்கு எடையை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உங்கள் நிரல் போர்ட்டைத் திறக்கும் கணத்தில் ஒரு வரி பாதி போய்க்கொண்டிருக்கலாம். '112.450' என்பதில் முதல் '1' போர்ட் திறப்பதற்கு முன்பே போய்விட்டால், மீதி '12.450' என்று, பார்ப்பதற்கு முழு எண் போலவே வந்து சேரும். எனவே போர்ட்டைத் திறந்ததும் வரும் முதல் வரியை எப்போதும் தள்ளிவிடுங்கள். அடுத்து வருவதிலும் வரியின் நீளம் சரியாக இருக்கிறதா, இறுதியில் வரிமுடிவுக் குறி இருக்கிறதா, தராசு நிலைத்துவிட்டது என்பதற்கான குறி இருந்தால் அது வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணை எடுங்கள். இரண்டு வரிகள் அடுத்தடுத்து ஒரே எடையைச் சொன்னால் மட்டும் ஏற்பது இன்னும் நல்லது.

இதோடு பிறந்த இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படிக்காத நேரத்திலும் தராசு அனுப்பும் எழுத்துகள் இயங்குதளத்தின் வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கும். சுமார் 4,000 எழுத்துகள் அங்கே காத்திருக்க இடமுண்டு. தராசு நொடிக்குப் பத்து வரி, வரிக்கு 18 எழுத்து அனுப்புவதாக வைத்துக்கொண்டால், 20 நொடிக்கு மேற்பட்ட பழைய எடைகள் அந்த வரிசையில் நிற்கும். தோத்தாபுரிக் கிரேட்டை இறக்கிவிட்டுச் செந்தூராக் கிரேட்டை ஏற்றிய பிறகு நீங்கள் பொத்தானை அழுத்தினால், வருவது தோத்தாபுரியின் எடையாக இருக்கலாம். ஒவ்வொரு முறை எடை எடுக்கும் முன்பும் வரிசையைக் காலி செய்யும் கட்டளையைக் கொடுத்து, அதன் பின் வரும் முதல் வரியைத் தள்ளி, அடுத்ததை எடுங்கள். காத்திருக்கும் கால வரம்பையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் தராசை அணைத்திருக்கும்போது நிரல் அப்படியே நின்றுவிடும்.

போர்ட் இல்லாத தராசைத் திறந்து உள்ளிருந்து கம்பி இழுக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எடையளவுத் துறையின் முத்திரை உடையும். அந்தத் தராசில் போடும் எடைக்குப் பிறகு மதிப்பில்லை. அதோடு, ஆர்.எஸ்.232 கம்பியில் 12 வோல்ட் வரையும் அதற்கு மேலும் மின்னழுத்தம் இருக்கக்கூடும். அதை 3.3 வோல்ட் பலகையில் நேராக இணைத்தால் பலகை பொசுங்கிவிடும்.

கேள்வி (பொறியியல் மாணவர், தர்மபுரி): இறுதியாண்டுத் திட்டத்துக்காக சிறு கட்டுப்பாட்டுச் சில்லு கொண்ட ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகையைச் சொந்தமாகச் செய்திருக்கிறேன். அது விசைப்பலகை, பிரிண்டர் போன்ற எந்த வகுப்பையும் சேராத தனிவகை யூ.எஸ்.பி. கருவி. லிப்யூஎஸ்பி மூலம் திறக்கும்போது லினக்ஸில் பிழை எண் கழித்தல் 3, விண்டோஸில் கழித்தல் 12 வருகிறது. நிரல் ஒன்றேதான், பிழை ஏன் இரண்டு?

பதில்: உங்கள் கருவிக்கு லிப்யூஎஸ்பிதான் சரியான தேர்வு. சி மொழியில் எழுதப்பட்ட அந்த நிரலகத்தின் 1.0 வரிசை 2008-இல் வெளிவந்தது. லினக்ஸ், விண்டோஸ், மேக், பிஎஸ்டி வகை இயங்குதளங்கள், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் ஓடுகிறது. கர்னலுக்குள் டிரைவர் எழுதாமல், சாதாரண நிரலிலிருந்தே யூ.எஸ்.பி. கருவியோடு பேசுவதற்காகவே அது உருவானது.

இரண்டு பிழைகளும் முதல் பதிலில் சொன்ன சாவியைப் பற்றியவையே. பூட்டு வேறு வேறாக இருப்பதால் எண்ணும் வேறாக இருக்கிறது. கழித்தல் 3 என்பது அனுமதி மறுப்பு. லினக்ஸ் ஒவ்வொரு யூ.எஸ்.பி. கருவியையும் ஒரு கோப்பாக வைக்கிறது. புதிய கருவியின் கோப்பில் எழுதும் உரிமை இயல்பாக நிர்வாகியான ரூட் பயனருக்கு மட்டுமே உண்டு. பலர் உடனே நிரலையே ரூட்டாக ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். செருகும் கருவிகளுக்கு உரிமை வகுக்கும் யூடெவ் என்ற லினக்ஸ் அமைப்புக்கு உங்கள் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் குறிப்பிட்டு ஒரு வரி விதிக் கோப்பு எழுதி, கணினி முன் அமர்ந்திருக்கும் பயனருக்கு உரிமை தரும் 'யூஅக்சஸ்' குறியைச் சேர்த்தால் போதும். அந்தக் கோப்புப் பெயரின் முன்னால் வரும் எண் 73-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும். 99 என்று வைத்துவிட்டு, விதி வேலை செய்யவில்லை என்று நாள்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். எழுதிய பிறகு கருவியைக் கழற்றி மீண்டும் செருகுங்கள்.

விண்டோஸின் கழித்தல் 12, 'இதற்கு வழியில்லை' என்ற பொருள் கொண்டது. அங்கே கருவிக்கு வின்யூஎஸ்பி போன்ற ஒரு டிரைவர் ஒட்டியிருந்தால்தான் லிப்யூஎஸ்பியால் உள்ளே நுழைய முடியும். ஜாடிக் என்ற சிறு மென்பொருளைக் கொண்டு அதை ஒட்டலாம். இங்கே ஓர் எச்சரிக்கையை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில், ஜாடிக்கின் பட்டியலில் எல்லாக் கருவிகளையும் காட்டச் சொல்லிவிட்டு, எண்களைச் சரிபார்க்காமல் அடுத்த வரியைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்திவிட்டேன். அந்த வரி கணினியின் விசைப்பலகை. கண் முன்னாலேயே விசைப்பலகை செத்துப்போயிற்று. சுட்டியை மட்டும் வைத்துக்கொண்டு டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மாற்றிய டிரைவரை நீக்கி, பழையதை மீட்டெடுக்க அரைமணி நேரம் ஆனது. இருபது மாணவர்கள் காத்திருந்தார்கள். பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நான்கு இலக்க எண்கள் இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே அழுத்துங்கள்.

நீங்கள் பலகையைச் சொந்தமாகச் செய்திருப்பதால் உங்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பலகையின் உள்நிரலில் மைக்ரோசாஃப்ட் வரையறுத்த ஒரு கூடுதல் விவரணையைச் சேர்த்து, 'எனக்கு வின்யூஎஸ்பி வேண்டும்' என்று கருவியே சொல்லும்படி செய்துவிடலாம். விண்டோஸ் 8 முதல் இயங்குதளம் அதைப் படித்து, கேட்காமலேயே சரியான டிரைவரை ஒட்டிக்கொள்ளும். தேர்வாளரின் கணினியில் ஜாடிக்கை நிறுவிக்கொண்டிருக்க வேண்டிய சங்கடம் இல்லை. எண்களைப் பற்றியும் ஒரு சொல்: யாரோ ஒரு நிறுவனத்தின் தயாரிப்பாளர் எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். திறந்த வடிவமைப்பாக வெளியிடும் கருவிகளுக்கு 1209 என்ற தயாரிப்பாளர் எண்ணின் கீழ்ப் பொருள் எண்ணை இலவசமாக ஒதுக்கித் தரும் திட்டம் இருக்கிறது. உங்கள் வரைபடத்தையும் நிரலையும் திறந்து வெளியிட விருப்பமிருந்தால் அங்கே விண்ணப்பியுங்கள்.

கேள்வி (பட்டுப்புழு வளர்ப்பவர், பென்னாகரம் அருகே): வளர்ப்பு மனையில் வைக்க ஒரு யூ.எஸ்.பி. வெப்பமானி வாங்கினேன். அதன் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுகிறது. என்னிடம் இருப்பது லினக்ஸ் மடிக்கணினி. செருகினால் கணினி அதை விசைப்பலகை என்கிறது. எப்படிப் படிப்பது?

பதில்: இது மூன்றாவது வாசல். விசைப்பலகை, சுட்டி போன்றவற்றுக்காக வகுத்த ஹிட் என்ற வகுப்பில் பல சிறு அளவீட்டுக் கருவிகளையும் செய்கிறார்கள். தனி டிரைவர் இல்லாமலே எந்தக் கணினியிலும் ஏறிவிடும் என்பதே காரணம். இதற்கு ஹிட்ஏபிஐ என்ற நிரலகம் இருக்கிறது. ஆலன் ஓட் என்பவர் தொடங்கியது. இப்போது லிப்யூஎஸ்பி குழுவினரே பராமரிக்கிறார்கள்.

இத்தகைய வெப்பமானிகளில் பல, ஒரே உடலில் இரண்டு இடைமுகங்களைக் கொண்டவை: ஒன்று விசைப்பலகை போல நடிப்பது, மற்றது அளவைத் தருவது. பட்டியலில் இரண்டும் தெரியும், இரண்டாவதைத் திறங்கள். முதலாவதைத் திறக்க விண்டோஸ் விடாது, ஏனெனில் விசைப்பலகையை அது தனக்கென்றே வைத்துக்கொள்ளும். கட்டளை அனுப்பும்போது முதல் பைட் (தகவலின் ஒரு சிறு அலகு) அறிக்கை எண்ணாக, அதாவது எந்த வகைத் தகவல் என்று காட்டும் எண்ணாக, இருக்க வேண்டும். அறிக்கை எண் இல்லாத கருவியானால் அங்கே சுழியம் போட வேண்டும். எட்டு பைட் கட்டளைக்கு ஒன்பது பைட் அனுப்ப வேண்டும். இதை விட்டுவிட்டால், கருவி பதில் சொல்லாமல் மௌனமாக இருக்கும்.

பதிலில் வெப்பநிலை இரண்டு பைட்டுகளாக வரும். அவை 10, 90 என்று வந்தால், 10-ஐ 256-ஆல் பெருக்கி 90-ஐக் கூட்ட 2650. சில வகைகளில் இதை 100-ஆல் வகுக்க வேண்டும், 26.5 பாகை கிடைக்கும். வேறு சில வகைகளில் 256-ஆல் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பத்தரைக்கும் குறைவாக வரும். மனையில் ஒரு சாதாரண வெப்பமானியைப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தால் உங்கள் கருவி எந்த வகை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இளம்புழுவுக்கு 26 முதல் 28 பாகையும், வளர்ந்த புழுவுக்கு 24, 25 பாகையும் வேண்டும் என்ற நிலையில், ஒரு பாகைப் பிழைகூட உங்களுக்குச் சிறியதன்று. எனவே வாரம் ஒருமுறையாவது இந்த ஒப்பீட்டைச் செய்யுங்கள். லினக்ஸில் இதற்கும் யூடெவ் விதி வேண்டும். முந்தைய பதிலில் சொன்னதுதான், 'ஹிட்ரா' என்ற துணை அமைப்புக்கு எழுத வேண்டும் என்பது மட்டும் வேறுபாடு.

கேள்வி (மகளிர் சுய உதவிக் குழுப் பொறுப்பாளர், பாப்பிரெட்டிப்பட்டி): புளி, கேழ்வரகு மாவு, கொத்தமல்லித் தூள் பொட்டலமிட்டு விற்கிறோம். சிறிய தெர்மல் பிரிண்டரில் தமிழில் ரசீது தர விரும்புகிறோம். நிரல் எழுதிக் கொடுத்த தம்பி, ஆங்கிலம் வருகிறது, தமிழ் கேள்விக்குறியாக வருகிறது, பிரிண்டரை மாற்றுங்கள் என்கிறார். மாற்ற வேண்டுமா?

பதில்: அம்மா, இருக்கும் பிரிண்டரே போதும். இந்த விலையில் கிடைக்கும் தெர்மல் பிரிண்டர்களுக்குள் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. வேறொன்று வாங்கினாலும் இதே கேள்விக்குறிதான் வரும். தமிழை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்ப வேண்டும். உங்கள் தம்பிக்கு இதைக் காட்டுங்கள்.

58 மில்லிமீட்டர் காகிதம் போடும் பிரிண்டரின் தலையில் பொதுவாக ஒரு வரிசைக்கு 384 புள்ளிகள் இருக்கும். எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்றால் வரிசைக்கு 48 பைட். ரசீதை 384 புள்ளி அகலமுள்ள கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து, எஸ்கேபாஸ் எனப்படும் கட்டளை முறையில் படக் கட்டளையாக அனுப்பினால், பிரிண்டருக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வரையும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கொத்தமல்லி' என்பதன் முதல் எழுத்தில் கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் நிற்க, நடுவே ககரம் வர வேண்டும். எழுத்து வடிவமைப்புத் தெரியாத படக் கருவி இதைக் கலைத்துப் போட்டுவிடும். பைத்தானில் படம் வரையும் பில்லோ நிரலகத்தில் 'ராக்ம்' என்ற வடிவமைப்பு வசதி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நம் எழுத்தை உடைத்துப் போட்ட ரசீதை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டு நாள் தாமதமானாலும் சரியாக வரைந்து கொடுக்கட்டும்.

இயங்குதளத்தைப் பொறுத்தவரை, இங்கே முழுக்க ஒரே வழியில் போக முயலாமல் இருப்பதே நல்லது. லினக்ஸில் லிப்யூஎஸ்பி கொண்டு பிரிண்டரைப் பிடிக்கலாம். கர்னலின் அச்சு டிரைவர் அதை முன்பே பிடித்து வைத்திருந்தால் கழித்தல் 6 என்ற பிழை வரும், அதை விலக்கும் கட்டளை நிரலகத்திலேயே உண்டு. விண்டோஸில் அதே வழியில் போக வேண்டுமானால் பிரிண்டரின் டிரைவரை மாற்ற வேண்டும். மாற்றினால் மற்ற மென்பொருள்கள் எதுவும் அதில் அச்சிட முடியாமல் போகும். எனவே அங்கே பிரிண்டரின் சொந்த டிரைவரை அப்படியே விட்டுவிட்டு, அச்சு வரிசை வழியாகவே பைட்டுகளை மாற்றமின்றி அனுப்ப வேண்டும். பைத்தான்-எஸ்கேபாஸ் என்ற நிரலகத்தில் இந்த இரண்டு வழிகளும் இருக்கின்றன. படத்தைத் தயாரிக்கும் பகுதி பொதுவாகவும், திறக்கும் ஒரே வரி மட்டும் வேறாகவும் எழுதினால் போதும்.

சீரியல் கேபிளில் இணைத்திருந்தால் வேகத்தையும் பாருங்கள். 32 புள்ளி உயரமுள்ள ஒரு வரிக்கு 1,536 பைட் தேவை; நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், பைட்டுக்குப் பத்து பிட் வீதம், நொடிக்கு 960 பைட்தான் போகும் என்பதால், பத்து வரி ரசீதுக்குப் பதினாறு நொடி ஆகும். வாடிக்கையாளர் அதுவரை நிற்க மாட்டார். பிரிண்டர் ஏற்றுக்கொண்டால் 1,15,200 வேகத்துக்கு மாற்றுங்கள், இல்லையேல் யூ.எஸ்.பி.யில் இணையுங்கள்.

கேள்வி (மென்பொருள் எழுதும் இளைஞர், ஓசூர்): இந்த நிரலகங்களைச் சேர்த்து எழுதிய மென்பொருளை விலைக்கு விற்கலாமா?

பதில்: விற்கலாம். பைசீரியல் பிஎஸ்டி என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது. உரிமக் குறிப்பைச் சேர்த்தால் போதும். ஹிட்ஏபிஐக்கு மூன்று உரிமங்கள் உண்டு, உங்களுக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். லிப்யூஎஸ்பி எல்ஜிபிஎல் 2.1 என்ற உரிமத்தில் இருக்கிறது, அதைத் தனிக் கோப்பாக வைத்து இயங்கும்போது இணைத்துக்கொண்டு, உரிம உரையைச் சேர்த்துக் கொடுத்தால் உங்கள் நிரலின் மூல வரிகளைத் தர வேண்டியதில்லை. லிப்யூஎஸ்பிக்குள்ளேயே நீங்கள் திருத்தம் செய்திருந்தால், அந்தத் திருத்தத்தின் மூலத்தை வாங்கியவருக்குத் தர வேண்டும்.

கேள்வி (வாரச் சந்தை வியாபாரி, போச்சம்பள்ளி): கணினி இல்லாமல் ஆண்ட்ராய்டு போனிலேயே தராசை இணைக்க முடியுமா?

பதில்: போனில் யூ.எஸ்.பி. கருவியைச் செருக உதவும் ஓடிஜி கேபிளும், அதை ஏற்கும் போனும் இருந்தால் முடியும். ஆண்ட்ராய்டு 3.1 முதலே, 2011-இலிருந்து, இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் செயலி தானாகக் கருவியைத் திறக்க முடியாது. திரையில் அனுமதி கேட்டு, நீங்கள் சம்மதித்த பிறகு போன் தரும் வழியாகத்தான் பேச முடியும். பைசீரியல் அங்கே நேராகப் பயன்படாது. ஆண்ட்ராய்டுக்கென்றே மாற்றிச் சில்லுகளைப் பேசத் தெரிந்த திறந்த நிரலகங்கள் இருக்கின்றன, செயலி எழுதுபவரிடம் அதைக் கேளுங்கள். கருவிக்கு மின்சாரம் போனிலிருந்தே போகும் என்பதால், சந்தை நாள் முழுக்க ஓட வேண்டுமானால் தனி மின்சாரம் தரும் ஹப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை, தேன்கனிக்கோட்டை): மாணவர்கள் நிரல் எழுதிப் பழக ஆர்டுயினோ வகை மின்னணுப் பலகைகள் வாங்கினோம், சிஎச் 340 என்ற யூ.எஸ்.பி. மாற்றிச் சில்லு உள்ளவை. விண்டோஸில் வேலை செய்கின்றன. உபுண்டு 22.04-இல் செருகியவுடன் போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடுகிறது. பலகை பழுதா?

பதில்: பலகை நன்றாக இருக்கிறது. அந்த உபுண்டுப் பதிப்பில் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் இருக்கிறது. பார்வையற்றவர்கள் கணினித் திரையைத் தொட்டுப் படிக்க உதவும் பிரெய்ல் கருவிகளை இயக்குவது அதன் வேலை. இருபது எழுத்து காட்டும் ஒரு பிரெய்ல் வாசிப்புக் கருவிக்குள்ளும் இதே சிஎச் 340 சில்லுதான் இருக்கிறது. அதே தயாரிப்பாளர் எண், அதே பொருள் எண். எண்கள் சில்லைத்தான் அடையாளம் காட்டுகின்றன, அதைச் சுற்றியிருக்கும் கருவியைக் காட்டுவதில்லை. எனவே பிரெய்ல் கருவி வந்துவிட்டது என்று எண்ணி அந்த மென்பொருள் உங்கள் பலகையைப் பிடித்துக்கொள்கிறது, சீரியல் போர்ட் மறைகிறது.

அந்த மென்பொருளையே நீக்கிவிடச் சொல்லும் ஆலோசனைதான் பரவலாகக் கிடைக்கும். உங்கள் பள்ளிக் கணினியைப் பார்வையற்ற மாணவர் யாரேனும் பயன்படுத்துகிறாரா, இனிப் பயன்படுத்தக் கூடுமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பயன்படுத்துவாரானால் மென்பொருளை விட்டுவிட்டு, அதன் யூடெவ் விதிக் கோப்பின் நகலை, நிர்வாகியின் விதிகளுக்கான /etc/udev/rules.d கோப்பகத்தில் அதே பெயரில் வைத்து, சிஎச் 340-க்குரிய அந்த ஒரு வரியை மட்டும் செயல்படாத குறிப்பு வரியாக மாற்றிவிடுங்கள். பலகையும் வேலை செய்யும், மற்ற பிரெய்ல் கருவிகளும் வேலை செய்யும். போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இத்தகைய பலகைகள் பலவும் தாமாகவே மறுபடி தொடங்கும் என்பதால், திறந்த பிறகு இரண்டு நொடி பொறுத்து முதல் கட்டளையை அனுப்பும்படி மாணவர்களின் நிரலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.